குதிரை வளர்ப்பு: தொடங்குவோர் முதலில் அறிய வேண்டியவை

குதிரை வாங்க எண்ணுபவர்கள் பெரும்பாலும் முதலில் விசாரிப்பது அதன் விலையையும், இனத்தையும், சவாரி பழக எத்தனை நாள் ஆகும் என்பதையும்தான். ஆனால் நன்கு கவனிக்கப்பட்டால் 25 முதல் 30 ஆண்டுகள் வரை வாழக்கூடிய அந்த விலங்கு அத்தனை காலமும் நலமாக இருக்குமா, சில ஆண்டுகளிலேயே நொண்டியாகி நிற்குமா என்பதைத் தீர்மானிப்பவை வேறு. அது நாள் முழுவதும் எதை மெல்கிறது, இரண்டு வேளைத் தீனிக்கு நடுவே எவ்வளவு நேரம் வெறும் வயிற்றோடு நிற்கிறது, எவ்வளவு தூரம் நடக்கிறது, பார்வைக்கு எட்டும் தொலைவில் வேறொரு குதிரை இருக்கிறதா, அதன் குளம்பை யார், எப்போது பார்க்கிறார்கள் ஆகிய கேள்விகளுக்கு விடை தெரிந்த பிறகே வாங்குவதைப் பற்றி யோசிக்க வேண்டும்.

குதிரை திறந்த புல்வெளிகளில் கூட்டமாக அலைந்து வாழ்வதற்கென அமைந்த உடலைக் கொண்டது. நாளின் பெரும்பகுதியை, ஏறத்தாழ 16 மணி நேரம் வரை, தலையைக் குனிந்து மேய்வதிலும் மெல்ல நகர்வதிலும் அது செலவிடும். ஆபத்து என்று தோன்றினால் எதிர்த்து நிற்காமல் ஓடித் தப்பும். நாம் அதை லாயத்தில் கட்டும்போது இடைவிடாத மேய்ச்சல், நடை, கூட்டம் ஆகிய மூன்றையும் ஒரே நேரத்தில் அதனிடமிருந்து எடுத்துக்கொள்கிறோம். பராமரிப்பு என்று சொல்லப்படுவதில் பெரும்பகுதி, அப்படி எடுத்துக்கொண்டதை இயன்றவரை திருப்பித் தருவதற்கான வேலைதான். இதை மனத்தில் வைத்துக்கொண்டால் கீழே வரும் விதிகளை மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. ஒவ்வொன்றின் காரணமும் தானாகவே விளங்கும்.

தீனியும் குடலும்

மாடு வளர்த்துப் பழகியவர்கள்கூடக் குதிரையின் தீனி விஷயத்தில் தவறிவிடுவதுண்டு. ஏனெனில் இரண்டும் புல் தின்றாலும் அதைச் செரிக்கும் விதம் முற்றிலும் வேறு. மாட்டுக்கு நான்கு அறைகள் கொண்ட இரைப்பை உண்டு. தின்றதை மீண்டும் வாய்க்குக் கொண்டுவந்து அசைபோட அதனால் முடியும். குதிரைக்கு இருப்பது ஒரே இரைப்பை. அதுவும் உடலளவோடு ஒப்பிட்டால் மிகச் சிறியது, 8 முதல் 15 லிட்டர் வரைதான் கொள்ளும். புல்லின் நார்ப்பொருள் அங்கே செரிப்பதில்லை. சிறுகுடலையும் கடந்து, பெரிய குருட்டுக்குடலிலும் பெருங்குடலிலும் வாழும் நுண்ணுயிர்களால்தான் அது நொதித்து உடலுக்குப் பயன்படும் சத்தாக மாறுகிறது. குதிரையால் வாந்தி எடுக்கவும் முடியாது. உணவுக்குழாய் இரைப்பையைச் சேரும் இடத்தில் உள்ள தசைவளையம் அவ்வளவு இறுக்கமானது என்பதால், தவறானது எதுவாயினும் உள்ளே போய்விட்டால் குடல் முழுவதையும் கடந்தே வெளியேற வேண்டும்.

இன்னொரு செய்தியும் இங்கே முக்கியம். குதிரையின் இரைப்பையில் அமிலம், உணவு இருந்தாலும் இல்லாவிட்டாலும், ஓயாமல் சுரந்துகொண்டே இருக்கிறது. அந்த அமிலத்தைத் தணிக்கும் உமிழ்நீரோ மெல்லும்போது மட்டுமே ஊறுகிறது. காலையில் ஒரு வேளை, மாலையில் ஒரு வேளை என்று தீனி வைத்துவிட்டு நடுவில் பல மணி நேரம் வெறுந்தொட்டியின் முன் நிறுத்தி வைத்தால், இரைப்பைச் சுவரில் புண் வருவதில் வியப்பில்லை. ஆகவே குதிரைக்கான தீனியின் முதல் விதி, கொஞ்சம் கொஞ்சமாக, அடிக்கடி, பெரும்பாலும் நார் மிகுந்ததாகக் கொடுக்க வேண்டும் என்பதே. மேய்ச்சல் நிலம் இல்லாதவர்கள் உலர்புல்லைச் சிறு கண்ணிகள் கொண்ட வலைப்பையில் வைத்தால், அதே அளவுப் புல்லை மெல்ல நெடுநேரம் ஆகும்.

அளவைப் பொறுத்தவரை, ஒரு குதிரை தன் உடல் எடையில் 1.5 முதல் 2.5 சதவீதம் வரையிலான உலர்பொருளை, அதாவது நீரைக் கழித்துப் பார்த்த தீனியை, ஒரு நாளில் தின்னும். 400 கிலோ எடையுள்ள குதிரைக்கு இது 6 முதல் 10 கிலோ. பச்சைப் புல்லில் பெரும்பகுதி நீர் என்பதால், அதே அளவு உலர்பொருள் கிடைக்க அதைப் பல மடங்கு கொடுக்க வேண்டியிருக்கும். குதிரையை நிறுத்துப் பார்க்கும் தராசு எல்லோரிடமும் இருக்காது. ஆனால் ஓர் அளவுநாடா போதும். முன்னங்கால்களுக்குச் சற்றுப் பின்னால் மார்பின் சுற்றளவையும், தோள்முனையிலிருந்து பிட்ட எலும்பின் முனை வரையுள்ள நீளத்தையும் சென்டிமீட்டரில் எடுத்து, சுற்றளவை அதே எண்ணால் பெருக்கி, பிறகு நீளத்தால் பெருக்கி, வரும் எண்ணை 11,880 ஆல் வகுத்தால் எடை ஏறத்தாழக் கிலோவில் கிடைக்கும். சுற்றளவு 170, நீளம் 155 என்றால் எடை சுமார் 377 கிலோ. தீனியையும் கைப்பிடியாலோ குவளையாலோ அளக்காமல் ஒருமுறையாவது எடைபோட்டுப் பார்ப்பது நல்லது. ஒரு குவளை ஓட்ஸும் ஒரு குவளை மக்காச்சோளமும் ஒரே எடை அல்ல.

தானியத்தைப் பற்றிச் சற்று அழுத்தியே சொல்ல வேண்டியிருக்கிறது. வேலை குறைவாக உள்ள, வளர்ந்த குதிரைக்கு நல்ல புல்லும், உப்பும், தாதுக்கலவையும் பெரும்பாலும் போதும். கடுமையாக உழைக்கும் குதிரைக்கும், பாலூட்டும் பெண்குதிரைக்கும், வளரும் குட்டிக்கும்தான் தானியம் தேவைப்படுகிறது. அப்போதும் ஒரு வேளைக்கு 2 கிலோவுக்கு மேல் போகக் கூடாது. தானியத்தின் மாவுச்சத்து சிறுகுடலிலேயே செரித்துவிட வேண்டும். ஒரே நேரத்தில் அதிகமாகப் போனால் செரிக்காத மாவு குருட்டுக்குடலுக்கு வழிந்து, அங்கே வேகமாக நொதித்து, அமிலத்தை உண்டாக்கி, நாரைச் செரிக்கும் நுண்ணுயிர்களைக் கொன்றுவிடுகிறது. அவை அழியும்போது வெளிவரும் நச்சுகள் இரத்தத்தில் கலந்து, வயிற்றுவலியோடு நிற்காமல், குளம்பு வரை சென்று தாக்குகின்றன. குதிரை தீவன அறைக்குள் தானே புகுந்து மூட்டையைத் தின்றுவிட்டால், அது நன்றாகத்தானே நிற்கிறது என்று காத்திருக்காமல் அப்போதே கால்நடை மருத்துவரை அழைக்க வேண்டும் என்று சொல்வது இதனால்தான். அறிகுறி தெரியும்போது கேடு பாதி நடந்து முடிந்திருக்கும்.

நுண்ணுயிர்களை நம்பியே குதிரை வாழ்வதால், எந்தத் தீனி மாற்றத்தையும் 7 முதல் 14 நாட்களில் சிறிது சிறிதாகச் செய்ய வேண்டும். புதிதாக வாங்கிய குதிரைக்கு அது இதுவரை தின்ற தீனியிலேயே கொஞ்சம் கேட்டு வாங்கி வருவது இந்த மாற்றத்தை எளிதாக்கும். பூஞ்சணம் பிடித்த புல்லையும் தானியத்தையும், மாடு தின்னட்டும் என்று ஒதுக்கி வைத்ததாயினும், குதிரைக்கு வைக்கக் கூடாது. பூஞ்சணம் பிடித்த மக்காச்சோளத்தில் உண்டாகும் நச்சு குதிரையின் மூளையையே அழிக்கக்கூடியது. வெட்டிக் குவித்த பச்சைப் புல் சூடேறி நொதிப்பதால் அதுவும் ஆபத்து. மாட்டுத் தீவனத்திலும் கோழித் தீவனத்திலும் சேர்க்கப்படும் மோனென்சின் என்ற மருந்து அந்த உயிர்களுக்குப் பயன் தருவது; குதிரைக்கோ மிகச் சிறிய அளவிலேயே இதயத் தசையைச் சிதைத்து உயிரைப் பறிக்கும். எனவே பிற கால்நடைகளுக்கான கலப்புத் தீவனத்தைக் குதிரையிடமிருந்து பூட்டி வைக்க வேண்டும். மேய்ச்சல் நிலத்தின் ஓரத்தில் அரளியோ ஆமணக்கோ இருந்தால் வேரோடு அகற்றிவிடுவதே சரி. அரளி இலை காய்ந்த பிறகும் நஞ்சு குறையாதது.

தண்ணீர் எந்நேரமும் தூய்மையாகக் கிடைக்க வேண்டும். 500 கிலோ குதிரை ஓய்வாக இருக்கும் நாளிலேயே 25 லிட்டருக்கு மேல் குடிக்கும். வெயிலும் உழைப்பும் சேர்ந்தால் அது இரண்டு மடங்காகும். தண்ணீர் குறைந்தால் குடலில் உள்ள புல் இறுகி அடைத்துக்கொள்ளும். குதிரையின் வியர்வை மிகவும் உப்பானது என்பதால் நக்குவதற்கு உப்புக்கட்டி வைப்பதும் தேவை. வியர்த்து வந்த குதிரைக்குத் தண்ணீர் காட்டக் கூடாது, உடலில் குளிர்ந்த நீர் ஊற்றக் கூடாது என்ற பழைய நம்பிக்கை இன்னும் பலரிடம் இருக்கிறது. 1996 அட்லாண்டா ஒலிம்பிக் போட்டியை முன்னிட்டு நடந்த ஆய்வுகள், உடல் முழுவதும் குளிர்ந்த நீரைத் தொடர்ந்து ஊற்றுவதே சூட்டை விரைவாகத் தணிக்கிறது என்று காட்டின. தாகத்தோடு நிற்கும் குதிரைக்குத் தண்ணீரை மறுப்பதில் எந்த நன்மையும் இல்லை.

வயிற்றுவலி: வீட்டார் அனைவரும் அறிய வேண்டியது

கோலிக் என்று அழைக்கப்படும் குதிரை வயிற்றுவலி ஒரே நோயின் பெயர் அல்ல. வாயு சேர்வது, தீனி இறுகி அடைப்பது, மணல் சேர்வது, குடல் முறுக்கிக்கொள்வது எனப் பல காரணங்களால் வரும் வலிக்கு அது பொதுப்பெயர். சில தாமாகவே தணியும். குடல் முறுக்கமோ சில மணி நேரத்தில் கொன்றுவிடும். வெளியிலிருந்து பார்க்கும் நமக்கு இரண்டையும் பிரித்தறிய முடியாது. குதிரை தீனியைத் தொடாமல் நிற்பது, முன்காலால் தரையைப் பறிப்பது, திரும்பித் திரும்பித் தன் விலாவைப் பார்ப்பது, மேலுதட்டைச் சுருட்டுவது, படுப்பதும் எழுவதுமாக இருப்பது, புரள்வது, வேலையின்றி வியர்ப்பது, லத்தி போடாமல் இருப்பது ஆகியவை அறிகுறிகள். இவற்றைக் கண்டவுடன் தீனியை எடுத்துவிட்டு மருத்துவரை அழைக்க வேண்டும். அவர் வரும் வரை குதிரை அமைதியாக இருந்தால் மெதுவாக நடத்தலாம், அதைக் களைப்படையும் வரை நடத்தக் கூடாது. வாய்வழியாக எண்ணெயோ கஷாயமோ ஊற்றுவது பெருந்தவறு. அது நுரையீரலுக்குள் போய்விடும். மருத்துவர் எண்ணெய் கொடுப்பதானால் மூக்கின் வழியே இரைப்பை வரை குழாய் செலுத்தித்தான் கொடுப்பார்.

நாள்தோறும் எத்தனை முறை லத்தி போடுகிறது, அது எப்படி இருக்கிறது என்று பார்க்கும் பழக்கம் அருவருப்புக்குரியதல்ல. ஆரோக்கியமான குதிரை பொதுவாக ஒரு நாளில் 8 முதல் 12 முறை போடும். அந்த எண்ணிக்கை குறைவதே பல நேரங்களில் முதல் எச்சரிக்கை.

குளம்பு

குதிரையின் குளம்பு நம் நகத்தைப் போன்ற பொருளால் ஆனது. மாதத்துக்கு ஏறத்தாழ 6 முதல் 10 மில்லிமீட்டர் வளரும். திறந்த வெளியில் நாள் முழுவதும் நடக்கும் குதிரைக்கு அந்த வளர்ச்சி தேய்ந்து சரியாகிவிடும். கட்டி வைத்த குதிரைக்குத் தேய்வதில்லை. லாடம் அடித்த குதிரைக்குத் தேயவே முடியாது. ஆகையால் 6 முதல் 8 வாரங்களுக்கு ஒருமுறை, தேர்ந்த லாடக்காரரைக் கொண்டு குளம்பைச் செதுக்கிச் சீராக்க வேண்டும். தள்ளிப்போட்டால் குளம்பின் முன்முனை நீண்டு, குதிகால் தாழ்ந்து, ஒவ்வோர் அடியிலும் பின்தசைநார்கள் இழுபடும். லாடம் தேவையா என்பது குதிரை நடக்கும் தரையையும், அதன் வேலையையும், குளம்பின் தன்மையையும் பொறுத்தது; எல்லாக் குதிரைகளுக்கும் அது கட்டாயம் என்ற எண்ணம் சரியல்ல. ஆனால் செதுக்குவது எல்லாக் குதிரைகளுக்கும் கட்டாயம்.

உரிமையாளரின் கையில் உள்ள வேலை, நாள்தோறும் நான்கு குளம்புகளையும் தூக்கி, அடியில் அப்பியிருக்கும் மண்ணையும் லத்தியையும் கொக்கியால் சுரண்டி எடுப்பது. கொக்கியைக் குதிகால் பக்கத்திலிருந்து முன்முனையை நோக்கி இழுக்க வேண்டும். நடுவில் உள்ள முக்கோண வடிவ மென்பகுதியைக் குத்தக் கூடாது. அந்த மென்பகுதியின் ஓரப் பள்ளங்களிலிருந்து கறுத்த கசிவும் அழுகிய நாற்றமும் வந்தால், குதிரை ஈரத்திலும் சாணத்திலும் நின்றிருக்கிறது என்று பொருள்; தரையை உலர்த்தாமல் மருந்து மட்டும் போட்டால் அது மீண்டும் வரும். கல் சிக்கியிருப்பதும், ஆணி தைத்திருப்பதும் இந்த ஐந்து நிமிட வேலையில்தான் தெரியும். ஆழமாகத் தைத்த ஆணியை அவசரப்பட்டுப் பிடுங்காமல், அது எந்தத் திசையில், எவ்வளவு ஆழம் போயிருக்கிறது என்று மருத்துவர் பார்ப்பதற்கு விட்டுவைப்பது நல்லது.

குளம்பைத் தாக்கும் நோய்களில் மிகவும் கொடியது லேமினைட்டிஸ். குளம்பின் சுவரையும் உள்ளே இருக்கும் எலும்பையும் இணைத்துப் பிடிக்கும் மெல்லிய திசு மடிப்புகள் வீங்கித் தளர்கின்றன; முற்றினால் எலும்பே உள்ளுக்குள் சுழன்று கீழிறங்கும். அதிகத் தானியம், சர்க்கரை மிகுந்த இளம்புல், உடல் பருமன், ஹார்மோன் கோளாறுகள் ஆகியவை பெரும்பாலான காரணங்கள். முன்னங்கால்களை முன்னே நீட்டி, எடையைப் பின்னங்கால்களில் தாங்கி, நகர மறுத்து நிற்கும் குதிரையின் குளம்பு சூடாக இருக்கிறதா, குளம்புக்கு மேலே நாடி துள்ளுகிறதா என்று தொட்டுப் பார்க்க வேண்டும். அந்தக் குதிரையை நடத்தக் கூடாது. கொழுத்த குதிரையே அழகு என்று எண்ணுபவர்கள் இந்த நோயைப் பார்த்திருக்க மாட்டார்கள் என்றே நினைக்கிறேன். விலா எலும்புகள் கண்ணுக்குத் தெரியாமலும், விரலால் தடவினால் எளிதில் தட்டுப்பட்டும் இருப்பதே நல்ல உடல்நிலை. 1983-இல் குதிரை ஆய்வாளர் ஹென்னகே வகுத்த, 1 முதல் 9 வரை செல்லும் உடல்நிலை அளவுகோலில் 5 என்பது இதைத்தான் குறிக்கிறது.

பல், புழு, தடுப்பூசி

குதிரையின் கடைவாய்ப் பற்கள் ஆண்டுக்கு 2 முதல் 3 மில்லிமீட்டர் வரை ஈறிலிருந்து வெளிவந்துகொண்டே இருக்கும், அரைப்பதால் தேயும். மேல்தாடை கீழ்த்தாடையைவிட அகலமாக இருப்பதால், மேற்பற்களின் வெளி ஓரமும் கீழ்ப்பற்களின் உள் ஓரமும் தேயாமல் கூராகிக் கன்னத்தையும் நாக்கையும் கிழிக்கும். பாதி மென்ற புல்லை உருண்டையாகத் துப்புவதும், கடிவாளம் போட்டால் தலையை உதறுவதும் அடங்காத்தனம் என்று கருதி அடிப்பதைவிட, வாயைத் திறந்து பார்ப்பது நேர்மையானது. ஆண்டுக்கு ஒருமுறையேனும் பல்லைப் பரிசோதித்து அராவிவிட வேண்டும்.

குடற்புழுவுக்குக் குறிப்பிட்ட இடைவெளியில் கண்ணை மூடிக்கொண்டு மருந்து கொடுத்து வந்த பழக்கத்தால், மருந்துக்கு அடங்காத புழுக்கள் இப்போது பரவிவிட்டன. லத்தியில் உள்ள புழு முட்டைகளை எண்ணிப் பார்த்து, தேவைப்படும் குதிரைக்கு மட்டும், எடைக்கேற்ற முழு அளவில் கொடுப்பதே இன்றைய பரிந்துரை. மேய்ச்சல் நிலத்திலிருந்து லத்தியை அடிக்கடி அள்ளுவது எந்த மருந்துக்கும் குறைந்ததல்ல. தடுப்பூசிகளில் டெட்டனஸ் ஊசியை ஒருபோதும் தவறவிடக் கூடாது. அந்தக் கிருமி மண்ணிலேயே இருக்கிறது, குதிரை அதற்கு மிக எளிதில் பலியாகும் விலங்கு. வெறிநோய், இன்ஃபுளுவென்சா முதலியவற்றுக்கான ஊசிகளை மருத்துவர் அந்தந்த இடத்துக்கேற்பச் சொல்வார்.

உங்கள் குதிரை நலமாக இருக்கும்போதே அதன் அளவுகளைக் குறித்து வையுங்கள். ஓய்வில் உள்ள வளர்ந்த குதிரையின் நாடித்துடிப்பு நிமிடத்துக்கு 28 முதல் 44, மூச்சு 8 முதல் 16, உடல் வெப்பநிலை 37.5 முதல் 38.5 டிகிரி செல்சியஸ். மருத்துவரைத் தொலைபேசியில் அழைக்கும்போது இந்த மூன்று எண்களைச் சொல்ல முடிந்தால், எவ்வளவு அவசரம் என்பதை அவர் உடனே கணித்துவிடுவார்.

இடமும் துணையும்

கொட்டடி ஏறத்தாழ 12 அடிக்கு 12 அடி இருந்தால்தான் குதிரை திரும்பவும், படுக்கவும், சுவரில் மாட்டிக்கொள்ளாமல் எழவும் முடியும். நின்றபடியே தூங்கும் என்பது பாதி உண்மைதான். கால்களைப் பூட்டிக்கொண்டு அது கண்ணயரும், ஆனால் ஆழ்ந்த தூக்கத்தின் ஒரு பகுதிக்கு அது படுத்தே ஆக வேண்டும். பயந்த சூழலில் படுக்காத குதிரை சில நாட்களில் நின்றபடியே தடுமாறி விழும். லாயத்தில் காற்றோட்டம் வேண்டும். நாம் குனிந்து குதிரையின் மூக்கு மட்டத்தில் மூச்செடுத்துப் பார்த்து, சிறுநீரின் காரம் கண்ணைக் கரித்தால், அங்கே அதன் நுரையீரல் கெட்டுக்கொண்டிருக்கிறது. வேலிக்கு முள்கம்பி கூடாது. மிரண்டு ஓடும் விலங்குக்கு அது தோலையும் தசைநாரையும் அறுக்கும் கத்தி.

துணை என்பது ஆடம்பரமல்ல. தனியாக அடைக்கப்பட்ட குதிரைகள் மரத்தைக் கடித்துக் காற்றை விழுங்குவது, வாசலில் நின்று இடமும் வலமும் ஆடிக்கொண்டே இருப்பது போன்ற பழக்கங்களுக்கு ஆளாகின்றன. இவற்றைத் தீய குணம் என்று கருதிக் கழுத்தில் பட்டை இறுக்குவோர் உண்டு. பழக்கம் நின்றாலும் அதை உண்டாக்கிய துயரம் நிற்பதில்லை. இன்னொரு குதிரை வைக்க இயலாவிட்டால் கழுதையோ ஆடோ ஓரளவு துணையாகும், முழுமையாக அல்ல. நாள்தோறும் சில மணி நேரமாவது கயிறின்றி வெளியே திரிய விட வேண்டும்.

குதிரையின் கண்கள் தலையின் இருபக்கமும் இருப்பதால் ஏறத்தாழ சுற்றுமுற்றும் எல்லாம் அதற்குத் தெரியும். நேர் பின்புறமும், நெற்றிக்கு முன்னால் மிக அருகிலும் மட்டும் தெரியாது. ஆகவே குரல் கொடுத்தபடி தோள்பக்கமாக அணுக வேண்டும். தலைக்கயிற்றைக் கையில் சுற்றிக்கொள்ளவே கூடாது. சேணம் வைக்கும் முன் உடலைத் தேய்த்துத் துலக்குவது, அழுக்கோடு சேணம் உராய்ந்து புண்ணாவதைத் தடுக்கும். வீக்கம், வெட்டு, சூடு ஆகியவையும் கைக்குத் தட்டுப்படும். சேணத்தோடு சேர்த்து ஏறுபவரின் எடை குதிரையின் எடையில் ஐந்தில் ஒரு பங்கைத் தாண்டாமல் இருப்பது பொதுவான வரம்பு. முதுகெலும்பின் வளர்ச்சி முழுமையாக முடிய 5 அல்லது 6 வயது ஆகும் என்பதால், சிறு வயதுக் குதிரையில் கனத்த வேலை வாங்குவது பின்னாளில் அதன் முதுகில் தெரியும்.

வாங்கும் முன்

முதல் குதிரையாக இளங்குதிரையை வாங்கி, நாமும் அதுவும் சேர்ந்து கற்றுக்கொள்வோம் என்று எண்ணுவது இருவருக்கும் ஆபத்து. 10 முதல் 15 வயதுள்ள, நன்கு பழகிய, விதை நீக்கிய ஆண்குதிரையோ சாந்தமான பெண்குதிரையோ தொடங்குவோருக்கு ஏற்றது. வாங்கும் விலை ஒருமுறைச் செலவு. தீனியும், குளம்பு வேலையும், மருத்துவமும், ஆள் கூலியும் குதிரை உயிரோடு இருக்கும் வரை தொடரும். சவாரிக்குப் பயன்படாத முதுமையிலும் அது பல ஆண்டுகள் தின்னும். நாள்தோறும் இரண்டு முறையாவது நேரில் பார்க்க ஒருவர் வேண்டும். நீங்கள் ஊரில் இல்லாத நாளில் அதைச் செய்யத் தெரிந்தவர் யார் என்ற பெயர் முன்கூட்டியே மனத்தில் இருக்க வேண்டும்.

விற்பவரோடு தொடர்பில்லாத கால்நடை மருத்துவரைக் கொண்டு கண், இதயம், நுரையீரல், கால், பல் ஆகியவற்றைப் பரிசோதித்த பிறகே பணம் கொடுங்கள். நீங்கள் போவதற்கு முன்பே சேணம் பூட்டி, ஓட்டி, வியர்க்க வைத்து நிறுத்தியிருந்தால், முதல் சில அடிகளில் தெரியும் நொண்டலும் முரண்டும் மறைந்துவிடும். எனவே குதிரை கொட்டடியில் ஓய்வாக இருக்கும்போது போய், அதைப் பிடிப்பது, குளம்பைத் தூக்குவது, கடிவாளம் போடுவது, ஏறுவது எல்லாவற்றையும் முதலில் விற்பவரே செய்து காட்டச் சொல்ல வேண்டும். இன்னொரு நாள், முன்னறிவிப்பு குறைவாக, மீண்டும் போய்ப் பார்க்க வேண்டும். தடுப்பூசிக் குறிப்பையும், கடைசியாகக் குளம்பு செதுக்கிய தேதியையும் கேளுங்கள். இவற்றில் எதற்கேனும் விற்பவர் மறுத்தால் வேறு குதிரையைப் பார்க்கலாம்.